பாட்டு நிற்கும் இடம்

மாலை மூன்றே கால் மணிக்கு எல்லாம் தப்பாகத் தொடங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் பாட்டு வாத்தியார் பகலெல்லாம் செஞ்சிக் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவர். கோபம் வந்தால் முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். அன்று ஆர்மோனியத்தின் துருத்தியை அப்படியே விட்டுவிட்டு மணிக்கட்டைத் திருப்பினார்.

"மூணே கால். மத்தியானம் சோறு துன்ன கையோட ஆரமிச்சது, இன்னும் மொத வரிய தாண்டல. யாருடா அது பின்னாடியே வரது?"

யார் என்று எல்லோருக்கும் தெரியும். என் தம்பி. அவனுக்கு அப்போது ஆறு வயது, எனக்குப் பத்து. எல்லோரும் ஒரு வரியைப் பாடி முடித்து வாயை மூடிய பிறகுதான் அவன் அந்த வரியின் கடைசிக்கு வந்து சேருவான். பஸ் போய்விட்ட பிறகு தூசி வருவது போல அவன் குரல் மட்டும் தனியாக வந்து, நிதானமாக முடித்துக்கொண்டு நிற்கும். வேண்டுமென்று செய்வதில்லை. அவன் காதில் பாட்டு விழுந்து, உள்ளே எங்கேயோ சுற்றிவிட்டு வருவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"கடைசி பஸ்ஸு சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், அதுவும் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

வாத்தியார் சிரிக்கவில்லை. "டேய், இன்னிக்கு ராத்திரி ஊரு பூரா பாடிக்கினு போப்போறோம். நீ பாட வேணாம். குடில் வேல பாக்கறவங்களோட போய் மலையில பாசி எடுத்துக்கினு வா."

"நானும் போறேன் சார்," என்றேன். அவனைத் தனியாக எங்கும் விடக்கூடாது என்பது அம்மா எனக்குப் போட்டிருந்த கட்டளை. எங்கள் நைனா லாரியில் கிளீனர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அம்மா ரைஸ் மில்லில் நெல் காயவைக்கப் போய்விடுவாள். ஆகவே தம்பி என் இடுப்பில் கட்டிய சாவி போல எப்போதும் என்னோடுதான் இருந்தான்.

இந்தப் பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நம் வயதுக்காரர்கள் கேசட்டில் கேட்டிருப்பீர்கள், நம் பிள்ளைகள் போனில் கேட்கிறார்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று எந்த ஊர் மாதா கோயிலிலும், இப்போது சென்னையில் பெரிய பெரிய பள்ளிக்கூடங்களிலும்கூட இதைப் பாடாமல் கிறிஸ்துமஸ் முடிவதில்லை. குடிலுக்கு இறங்கி வா, விளக்கு வைத்தோம் இறங்கி வா, கண்ணு இறங்கி வா. அவ்வளவுதான் வார்த்தை. ஒவ்வொரு வரிக்கும் பிறகு பாட்டு நின்றுவிடும். மேளம் நிற்கும், கைத்தட்டல் நிற்கும். அந்த மௌனத்தில் ஒரு சின்னக் குழந்தையின் குரல் மட்டும் பின்னாலேயே வந்து 'இறங்கி வா' என்று பாடும். இதைப் பாரம்பரியப் பாடல் என்று அச்சடிக்கிறார்கள். எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது என்கிறார்கள்.

என் மகன் போன மாதம் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை முடிந்து வந்து கேட்டான். "அம்மா, ஒவ்வொரு லைனுக்கும் அப்புறம் ஏம்மா சும்மா நிக்கறோம்? மிஸ்ஸ கேட்டா தெரியாதுங்கறாங்க. கீபோர்டு வாசிக்கற அண்ணா அங்க மியூசிக் போட்டு ரொப்பிடலாம்னு சொல்றாரு."

ரொப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவனைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனேன், மலை ஏறினேன். அங்கே ஒன்றைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தை இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலை இப்போது கடையில் தெர்மோகோலில் விற்கிறார்கள். எங்கள் கோயிலில் பனையோலையும் வைக்கோலும் வைத்துக் கட்டுவோம். தரைக்குப் பச்சை வேண்டும். அதற்கு மலைப்பாசிதான். ஐப்பசி கார்த்திகை மழையில் கோட்டைச் சுவர்களில் பாசி பிடித்து, மார்கழியில் கம்பளம் போலத் தடித்து நிற்கும். ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினால் தோசை போலக் கிழியாமல் வரும். அதை பிஸ்கட் தகர டப்பாவில் அடுக்கி எடுத்து வருவோம். மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும் டப்பா அது. மழை மண்ணும் பழைய பிஸ்கட்டும் கலந்த அந்த வாசனையை இப்போதும் என்னால் மூக்கில் வரவழைத்துக்கொள்ள முடியும்.

எங்களை அழைத்துப் போனது எட்டாம் வகுப்பு படித்த ஓர் அண்ணன். திருவண்ணாமலை ரோட்டுக்கு வடக்கே இருக்கிற மலைக்குப் போனோம். ஊரில் ராணிக்கோட்டை என்று சொல்வோம். அடிவாரத்து வாட்ச்மேன் எங்களுக்குப் பழக்கம். "சீக்கிரம் இறங்குங்க, மழ மோடம் போட்டுக்கினு இருக்குது," என்று மட்டும் சொன்னார்.

உச்சியில் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதன் பின்சுவரில்தான் நல்ல பாசி. தம்பியும் நானும் அங்கே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தோம். அவன் ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போடுவான். திடீரென்று மழை அடித்தது. முன்பக்கத்தில் அண்ணன் "ஓடுங்கடா, ஓடுங்கடா" என்று கத்தியது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஏதோ சத்தமாக மட்டும் கேட்டது. நாங்கள் களஞ்சியத்துக்குள் ஓடி ஒதுங்கினோம். மழை விட்டு வெளியே வந்தபோது யாரும் இல்லை. மலையும் இல்லை.

அப்படித்தான் இருந்தது. மேகம் இறங்கி உச்சியின் மேல் உட்கார்ந்துவிட்டது. எதிரே இருக்க வேண்டிய பெரிய மலை, கீழே இருக்க வேண்டிய ரோடு, ஏரி, வயல் எதுவும் கிடையாது. என் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. நான் அண்ணனைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை கட்டும் வரை கூப்பிட்டேன். பிறகு அந்த வெள்ளை மெல்லச் சாம்பலாகி, சாம்பல் கறுப்பாயிற்று. அன்று அமாவாசை.

கீழே நடந்ததை அம்மா பிற்பாடு நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

அம்மா மில்லில் இருந்து நேரே கோயிலுக்கு வந்திருக்கிறாள், பிள்ளைகள் பாட்டுக் கோஷ்டியோடு கிளம்புவதைப் பார்க்க. எல்லாம் தயாராக இருந்தது. மூங்கில் சப்பையில் கட்டி சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய நட்சத்திரம், உள்ளே அரிக்கேன் விளக்கு. பெட்ரோமாக்ஸ் புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் ஆர்மோனியத்தைக் கழுத்தில் வார் போட்டு மாட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கடா எம் புள்ளைங்க?"

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. "அப்பவே வந்துட்டாங்களே அத்த? மழ வரதுக்கு முன்னாடியே அவ தம்பிய கூட்டிக்கினு போய்ட்டான்னுதான் நெனச்சேன்."

"எங்க வந்தாங்க? யார் பாத்தீங்க?"

யாரும் பார்க்கவில்லை. அப்போது கோயில் காரியமெல்லாம் பார்த்துக்கொண்ட உபதேசியார் குறுக்கே வந்தார். அந்தக் கூட்டத்தில் அதிகம் படித்தவர், பெரியவர். "யாரும் டென்ஷன் ஆவாதீங்க. கோயில் மணிய அடிங்க. நிறுத்தாம அடிங்க. சத்தம் வர தெசையில புள்ளைங்க இறங்கி வந்துடும்," என்றார். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் இத்தனை வருஷம் நியாயமாகத்தான் பட்டிருந்தது.

மேலே எங்களுக்கு மணி கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. "தம்பி, கோயில் மணிடா! வாடா!" அவன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைப் பார்த்து நடந்தேன். இருட்டில் காலால் பாறையைத் தடவித் தடவி நடந்தோம். ஈரப் பாறை, அங்கங்கே குழியில் தேங்கிய மழைத்தண்ணீர். மணிச் சத்தம் எதிரே நன்றாகக் கேட்டது. போகப் போக இன்னும் நன்றாகக் கேட்டது.

பிறகு மணிச் சத்தத்தோடு வேறு சத்தங்களும் வந்தன. ஊஊ என்று ஒன்று, ஈஈ என்று ஒன்று, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும்.

"அக்கா, யாரு அழுவறாங்க?"

"யாரும் அழுவல. நட."

"ராணியா?"

"வாய மூட்றா."

அடிவாரத்துக்கு ஓடிவந்தவர்கள் எங்கள் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் அது. ஆளாளுக்குக் கத்த, அது மலையில் மோதித் திரும்ப, திரும்பியது மறுபடி கத்தியதோடு கலக்க, எங்கள் பெயர்கள் எங்களிடம் வந்து சேரும்போது பேயின் குரலாக இருந்தன. தம்பி என் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. மணியைப் பார்த்து ஓட வேண்டும்.

அப்போதுதான் பாட்டு ஆரம்பித்தது.

வாத்தியார்தான் தொடங்கினாராம். "பேரு சொல்லிக் கூப்ட்டா புள்ளைங்களுக்கு வெளங்கல போலிருக்குது. பாட்டு பாடுவம். பாட்டு அவங்களுக்குத் தெரியும்," என்று சொல்லி, ரோட்டு ஓரத்து மைல் கல்லின் மேல் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்திருக்கிறார். அவர் அந்த வருஷத்துக்காக எழுதிய பாட்டு நீளமானது. நாலு சரணம். விண்ணுலக வேந்தே, மண்ணுலக மாந்தர் என்று அடுக்கடுக்காகப் போகும். அதில் ஒவ்வொரு வரியும் 'இறங்கி வா' என்று முடியும்.

எங்களுக்கு வேந்தும் வரவில்லை, மாந்தரும் வரவில்லை. மேகத்துக்கு அடியிலிருந்து, பூமியே வாயைத் திறந்தது போல, அத்தனை பேர் குரலும் ஒன்றாகி 'இறங்கி வா' மட்டும் மேலே ஏறி வந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன். பெரிய அரங்குகளில் பாடகர்கள் பாடக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் இருட்டில் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து அந்தக் குரல் கிளம்பி வந்து என் பாதத்தைத் தொட்டது. பாறை வழியாகவே வந்தது போல இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் போன இடத்தில் அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று வந்து நின்றது. அதற்கு அன்றும் பெயர் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அத்தனை பேர் என்று சொன்னேன் அல்லவா, எங்கள் கோஷ்டியில் அவ்வளவு ஆள் கிடையாது. அமாவாசை என்பதால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் அன்று ரோட்டில் இருந்தது. செஞ்சியில் இறங்கி ஸ்பெஷல் பஸ் பிடிக்க வேண்டிய ஜனங்கள், ஒரு டவுன் பஸ் நிறைய. ரோட்டை மறித்துக்கொண்டு ஊரே பாடுவதைப் பார்த்து டிரைவர் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். இறங்கியவர்களில் மஞ்சள் புடவை கட்டி, முகமெல்லாம் மஞ்சள் பூசி, கையில் வேப்பிலைக் கொத்தோடு ஒரு அம்மாள் நேரே வாத்தியாரிடம் போனாளாம்.

"இன்னா சாமி விசேஷம்?"

"ரெண்டு புள்ளைங்க மேல மாட்டிக்கிச்சுங்கம்மா."

"அடி ஆத்தா. உங்க பாட்டு எங்களுக்குத் தெரியாது சாமி. அந்த 'இறங்கி வா' மட்டும் நாங்க சொல்றோம், போதுமா?"

"போதும்மா."

அவள் சொன்னபோது 'இறங்கி வா'வோடு நிறுத்தவில்லை. 'கண்ணு இறங்கி வா' என்றாள். சாமிப் பாட்டில் கண்ணு என்று வருமா என்று பிற்பாடு எத்தனையோ பெரியவர்கள் அதை எடுத்துவிடப் பார்த்தார்கள். போகவில்லை. இன்றும் பட்டுப்புடவை கட்டிய சென்னைப் பெண்கள் மைக்கின் முன்னால் கண்ணு என்றுதான் பாடுகிறார்கள். அந்த அம்மாளின் ஊர் எது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மேளம், ஆர்மோனியம், பஸ் ஹாரன் எல்லாம் சேர்ந்து. அப்போது என் அம்மா நடு ரோட்டில் நின்று கத்தினாளாம். எங்கள் அம்மா உபதேசியார் முன்னால் தலை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"நிறுத்துங்கய்யா! எல்லாரும் வாய மூடுங்க! நீங்க பாட்டுக்குப் பாடிக்கினே இருந்தா எம் புள்ள பதில் சொன்னா எவன் காதுல உழும்? அந்த மணியவும் நிறுத்தச் சொல்லுங்க!"

ஒருவர் சைக்கிளில் கோயிலுக்குப் பறந்தார். மணி நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வரி பாடினார்கள், நின்றார்கள். ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு வரி. அம்மா சொல்வாள், அந்த நிற்கிற நேரத்தில் தன் காது மலை அளவுக்குப் பெரிதாகிவிட்டது என்று. தவளைகள் கேட்டனவாம். யாரோ ஒருவரின் வாட்ச் துடிப்பது கேட்டதாம்.

மேலே, மணி நின்றதும் எனக்கு வழி தவறிவிட்டது போல இருந்தது. பாட்டு எங்கள் முதுகுப் பக்கம் கேட்டது. ஒரு கணம் கழித்து அதே பாட்டு எதிரில் கேட்டது. இப்போது நடுவில் மௌனம் இருந்ததால் எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று எனக்குப் பிடிபட்டது. முதுகுப் பக்கம்தான் முதலில். ஆகவே ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், எதிரே பாடுவது பாறை. அப்படியானால் மணியும்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கத்துடா," என்றேன். "எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு. நீ கத்து."

அவன் கத்தவில்லை. அவன் கையை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டான். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டினான். கால் இரண்டையும் சேர்த்து வைத்தான். பாடும்போது கால் தரையில் ஆணி அடித்தது போல இருக்க வேண்டும், ஆடினால் தொடையில் ஸ்கேல் விழும் என்பது வாத்தியாரின் சட்டம். கீழே வரி முடியும் வரை காத்திருந்தான். முடிந்தது. பாறையும் பாடி முடித்தது. எப்போதும் போல, எல்லாம் முடிந்த பிறகு, அவன் வாயைத் திறந்தான்.

'இறங்கி வா.'

மெல்லிய குரல்தான். ஆனால் அந்த நேரத்தில் உலகத்தில் வேறு சத்தமே இல்லை.

கீழே முதலில் காதில் வாங்கியது அம்மா இல்லையாம். வாத்தியார்தான். துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அது எங் கடைசி பஸ்ஸு!" என்று அலறியிருக்கிறார். "பின்னாடி வரான் பாருங்க! அவன்தான்! வேற எவனும் அப்டி பாட மாட்டான்!"

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு வரி பாடுவார்கள், நிற்பார்கள். அவன் பாடுவான். மறுபடி அவர்கள். மறுபடி அவன். அவன் குரல் வரும் திசையை வைத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள் ஒற்றை டார்ச்சோடு படியில் ஏறினார்கள். அவன் அசையவே இல்லை. நான் அவன் பின்னால் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சமயம் மேகம் கிழிந்தது. வெகு கீழே, சிவப்பாக, தீக்குச்சி அளவுக்கு எங்கள் நட்சத்திரம் தெரிந்தது. கம்பத்தில் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றிப் பேருந்தின் விளக்கு, பீடி நுனிகள், கற்பூரத் தட்டு ஒன்று. எல்லாம் ஒரு கணம். பிறகு மூடிக்கொண்டது. நான் பார்த்தவற்றில் அதைவிட அழகானது எதுவும் இல்லை.

இந்த வருஷம் மகனோடு ஏறியது பகலில். நல்ல வெயில். களஞ்சியத்தின் பின்சுவரில் பாசி அப்படியே இருந்தது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்தேன், சுவர் மறைத்தது. எதிர் மலையைப் பார்த்தேன். வெட்டவெளியாக, பெரிய சுவர் போல நின்றது. ஊரில் அடிக்கிற மணி அதில் மோதித்தான் எங்களுக்கு வந்திருக்கிறது. நாங்கள் மணியை நோக்கி நடந்த பாறைச் சரிவில் நானும் மகனும் நடந்தோம். குழிகளில் தண்ணீர் இருந்தது. நாங்கள் நின்ற இடத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. பாறையில் தாமரை ஒன்றைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருப்பார்கள், அன்று டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாமரைக்கு அப்பால் மலை இல்லை. நான் கையை நீட்டியிருந்தால் எட்டும் தூரத்தில் பாறை நின்றுவிடுகிறது. எட்டிப் பார்த்தேன். மரங்களின் உச்சி தெரிந்தது. மேலே பருந்து பறக்கும் என்று நினைத்திருந்தேன். அது கீழே பறந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எட்டு வயதுப் பையன், வெட்கப்பட்டான்.

"உடும்மா. ஏம்மா உக்காந்துட்ட? கால் வலிக்குதா?"

"ஆமாண்டா," என்றேன்.

வந்து இரவு தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இப்போது பாடுவதே கிடையாது. பாறையின் விளிம்பைப் பற்றிச் சொன்னேன். அவன் பக்கத்தில் வெகுநேரம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு வழக்கம்போல நிதானமாக வந்தான்.

"அக்கா, எனக்கு அந்தப் பாறை நெனவில்ல. கீழ எறங்குனதும் அந்த மஞ்சள் புடவ அம்மா ஒரு பன்னு குடுத்தாங்க பாரு, அது நெனவிருக்குது. உள்ள சக்கர இருந்துச்சு."

எனக்கு நினைவிருப்பது வேறு. அந்த இளைஞர்கள் எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஒருவர் டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்தார், அப்புறம் எங்கள் காலுக்கு முன்னால் அடித்தார், உடனே அணைத்துவிட்டார். ஏன் அணைத்தார் என்று இந்த வருஷம்தான் புரிந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பின்னால் இழுத்துக் களஞ்சியச் சுவரோடு உட்காரவைத்தார்கள். பாறை வழுக்குகிறது, பெட்ரோமாக்ஸ் வரும் வரை யாரும் அசையக் கூடாது என்றார்கள். கீழே இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி உட்கார்ந்தபடியே பதில் பாடினான். "போதும்டா, அதான் வந்துட்டமே," என்று அவர்கள் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

வெகுநேரம் கழித்து, படியின் பக்கமிருந்து பெட்ரோமாக்ஸின் புஸ்ஸென்ற சத்தம் முதலில் வந்தது. அதோடு இன்னொரு சத்தம், கிழிந்த துருத்தி போல. மேகம் மஞ்சளாகியது. விளக்கைத் தூக்கி வந்தவர் அண்ணன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர் வாத்தியார்.

அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. கோயிலின் மாடிப்படிகூட ஏற மாட்டார். வேட்டி முழங்காலுக்கு மேலே சுருண்டு, சேறும் நீரும் சொட்ட, செருப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. உதடு நீலமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு எதிரே பொத்தென்று உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

தம்பி எழுந்து நின்றுவிட்டான். கையைக் கட்டிக்கொண்டான். டப்பாவைக் காட்டி, "சார், பாசி எடுத்துட்டேன் சார்," என்றான்.

வாத்தியார் தலையை ஆட்டினார். கீழேயிருந்து ஒரு வரி மேலே ஏறி வந்து முடிந்தது. தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். பாடலாமா கூடாதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றான். மௌனம் நீண்டுகொண்டே போனது. வாத்தியார் ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாடு கண்ணு," என்றார். மூச்சு வாங்கியது. மறுபடி சொன்னார். "இனிமே நீ பின்னாடியே பாடு. நாங்க நிறுத்திக்கறோம்."